விண்டோஸ் போடும்போது "இது ஜிபிடி வட்டு, நிறுவ முடியாது" என்கிறது. எம்பிஆருக்கு மாற்றிவிடலாமா?

கும்பகோணம்_ஸ்டூடியோ:

வணக்கம் நண்பர்களே. கும்பகோணத்தில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம், இவைதான் பிழைப்பு. பழைய கம்ப்யூட்டர் போன மாதம் ஒரு மழை நாளில் கரன்ட் ஏறி இறங்கியதில் போய்விட்டது. அதிலிருந்த 1 டிபி ஹார்டு டிஸ்க் மட்டும் தப்பியது. பதினோரு வருட ஆல்பம் அத்தனையும் அதில்தான் இருக்கிறது. வேறு எங்கும் நகல் இல்லை.

அலுவலகத்தில் ஓடிக்கொண்டிருந்த டெஸ்க்டாப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஐ5 எட்டாம் தலைமுறை, 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. வீடியோக்களுக்காகப் புதிதாக ஒரு 4 டிபி ஹார்டு டிஸ்க்கும் வாங்கி மாட்டினேன். பழைய 1 டிபியையும் உள்ளேயே மாட்டிவிட்டேன். ஆக மூன்று வட்டுகள்.

வந்த விண்டோஸ் பழைய அலுவலகத்தின் பாஸ்வேர்டு கேட்டது. சரி, புதிதாகவே விண்டோஸ் 10 போட்டுவிடலாம் என்று பக்கத்துக் கடைப் பையனிடம் பென்டிரைவ் செய்து வாங்கிவந்தேன். எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்தால் "இந்த வட்டில் விண்டோஸை நிறுவ முடியாது. தேர்ந்தெடுத்த வட்டு ஜிபிடி பார்ட்டிஷன் ஸ்டைலில் உள்ளது" என்று வருகிறது. நெக்ஸ்ட் பொத்தான் மங்கிப்போய் நிற்கிறது. எம்பிஆர், ஜிபிடி என்பவை வட்டைப் பாகங்களாக (பார்ட்டிஷன்) பிரித்து, எது எங்கே என்று எழுதிவைக்கும் இரண்டு முறைகள் என்கிறார்கள்.

யூடியூப்பில் ஒரு வீடியோ பார்த்தேன். ஷிஃப்டும் எஃப்10-ம் அழுத்து, டிஸ்க்பார்ட் (வட்டைப் பிரிக்கும், அழிக்கும் கருவி) என்று அடி, செலக்ட் டிஸ்க் 0, கிளீன், கன்வர்ட் எம்பிஆர், முடிந்தது என்றார்கள். அதன்படியே போனேன். லிஸ்ட் டிஸ்க் அடித்ததும் இப்படி வந்தது: டிஸ்க் 0 என்பதில் 931 ஜிபி, டிஸ்க் 1 என்பதில் 238 ஜிபி, டிஸ்க் 2 என்பதில் 3726 ஜிபி. நான் செலக்ட் டிஸ்க் 0 வரை அடித்துவிட்டேன். கிளீன் என்றும் அடித்தாயிற்று. என்டர் தட்டப்போகும் நேரத்தில் அந்த 931 கண்ணில் பட்டது. என் ஆல்பம் வட்டு 1 டிபி ஆயிற்றே, எஸ்எஸ்டி இவ்வளவு பெரிதில்லையே என்று தோன்றியது. கையை எடுத்துவிட்டேன். அப்படியே சுவிட்சை அணைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். இன்னும் கை உதறுகிறது.

என் கேள்வி இதுதான். எம்பிஆர், ஜிபிடி இரண்டில் எதை வைத்துக்கொள்வது? மூன்று வட்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமா? என் மகள் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், அவளுக்கு அதே எஸ்எஸ்டியில் உபுண்டு என்ற லினக்ஸும் வேண்டுமாம். தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

---

கோவை_கணினி:

எனக்கும் இதே பிழை வந்தது சார். கன்வர்ட் எம்பிஆர் கொடுத்தேன், பத்து நிமிடத்தில் விண்டோஸ் ஏறிவிட்டது, நான்கு வருடமாக ஓடுகிறது. மூன்றையும் எம்பிஆர் ஆக்கிவிடுங்கள், வம்பு இருக்காது. டிஸ்க் எண்ணை மட்டும் சரியாகப் போடுங்கள், உங்களுக்கு அது 1.

---

நெல்லை_சர்வீஸ்:

அண்ணாச்சி, முதலில் ஒரு வேலை செய்யுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம். கம்ப்யூட்டரின் பவர் கேபிளைப் பிடுங்கி, பக்கத்து மூடியைக் கழற்றி, அந்த 1 டிபி வட்டுக்குப் போகும் இரண்டு கேபிளையும் உருவிவிடுங்கள். பட்டையாக இருப்பது பவர், சின்னது சாட்டா. 4 டிபியையும் அப்படியே உருவி வையுங்கள். விண்டோஸ் ஏறி முடியும்வரை உள்ளே எஸ்எஸ்டி ஒன்றுதான் இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், டிஸ்க்பார்ட்டில் கிளீன் என்பது "உறுதியா?" என்று ஒரு வார்த்தை கேட்காது. என்டர் தட்டிய நொடியில் பார்ட்டிஷன் விவரம் போய்விடும். டிஸ்க் 0, டிஸ்க் 1 என்பதெல்லாம் எந்தக் கேபிள் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வீடியோ போட்டவர் மெஷினில் 0 என்பது எஸ்எஸ்டி, உங்கள் மெஷினில் அது பதினோரு வருடக் கல்யாணம். நீங்கள் அளவைப் பார்த்தது பெரிய விஷயம். ஆனால் அளவு எப்போதும் காப்பாற்றாது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பிழைச் செய்தி படிப்பவரைத் தவறான பக்கம் திருப்பிவிடுகிறது. வட்டில் ஏதோ கோளாறு, அதை மாற்ற வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். உங்கள் வட்டு சரியாகத்தான் இருக்கிறது. நீங்கள் பென்டிரைவைக் கிளப்பிய விதம்தான் வேறு.

எட்டாம் தலைமுறை போர்டுகள் பெரும்பாலும் இரண்டு விதமாகக் கிளம்பும். ஒன்று யூஇஎஃப்ஐ, அதாவது கம்ப்யூட்டரைக் கிளப்பும் புதிய முறை. இன்னொன்று பழைய பயாஸ் போல நடிப்பது, அதை லெகஸி அல்லது சிஎஸ்எம் என்பார்கள். விண்டோஸுக்கு இதில் ஒரே விதி. யூஇஎஃப்ஐயில் கிளம்பினால் ஜிபிடி வட்டில்தான் ஏறும், லெகஸியில் கிளம்பினால் எம்பிஆர் வட்டில்தான் ஏறும். கலந்தால் மறுத்துவிடும். நீங்கள் லெகஸியில் பென்டிரைவைக் கிளப்பிவிட்டு, ஏற்கெனவே ஜிபிடியில் இருக்கும் எஸ்எஸ்டியைக் காட்டியிருக்கிறீர்கள். அதனால்தான் நெக்ஸ்ட் மங்கியது. இதையே தலைகீழாகச் செய்து பாருங்கள், "இஎஃப்ஐ கணினிகளில் ஜிபிடி வட்டில் மட்டுமே நிறுவ முடியும்" என்று அப்போதும் மறுக்கும்.

ஆகவே எம்பிஆரா ஜிபிடியா என்பதை வட்டுப் பட்டியல் திரையில் நாம் தீர்மானிப்பதில்லை. அதற்கு முன்னால், கம்ப்யூட்டரைத் தட்டியதும் எஃப்12 அழுத்திப் பூட் மெனுவில் எந்த வரியைத் தேர்ந்தெடுக்கிறோமோ அங்கேயே அது முடிந்துவிடுகிறது. எஃப்12 டெல், லெனோவோவுக்கு. எச்பி என்றால் எஃப்9. இரண்டு விதத்திலும் கிளம்பக்கூடிய பென்டிரைவ் என்றால் அந்த மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை வரும். ஒன்றில் பெயர் மட்டும் இருக்கும். இன்னொன்றில் பெயருக்கு முன்னால் யூஇஎஃப்ஐ என்று போட்டிருக்கும். நீங்கள் அந்த யூஇஎஃப்ஐ வரியை எடுங்கள்.

எடுத்தபின் பாருங்கள், உங்களுக்கு டிஸ்க்பார்ட்டே தேவைப்படாது. வட்டுப் பட்டியலில் எஸ்எஸ்டியில் பழைய அலுவலகத்துப் பார்ட்டிஷன்கள் நாலைந்து தெரியும். கழற்றாமல் விட்ட வேறு வட்டு ஏதும் இல்லையே என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாக டெலீட் செய்யுங்கள். எல்லாம் போய் "ஒதுக்கப்படாத இடம்" என்று ஒரே வரி நிற்கும். மகளுக்கு உபுண்டு வேண்டும் என்றீர்களே, அதனால் முழுவதையும் விண்டோஸுக்குக் கொடுக்காமல் நியூ அழுத்தி 180000 என்று போடுங்கள். அது எம்பி கணக்கு. அறுபது ஜிபிக்கு மேல் மிச்சம் இருக்கும், அதைத் தொடாமல் விடுங்கள். விண்டோஸ் தானாகவே முன்னால் ஒரு 100 எம்பி சிஸ்டம் பார்ட்டிஷனும் 16 எம்பி எம்எஸ்ஆர் பார்ட்டிஷனும் போட்டுக்கொள்ளும். இவை என்ன குட்டி குட்டியாக என்று அழித்துவிடாதீர்கள். அந்த 100 எம்பிக்குள்தான் கிளம்பும் கோப்பு இருக்கிறது.

மற்ற வட்டுகளைக் கழற்றச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வேறொரு வட்டில் ஏற்கெனவே அப்படி ஒரு சிஸ்டம் பார்ட்டிஷன் இருந்தால், விண்டோஸ் தன் கிளம்பும் கோப்புகளைக் கொண்டுபோய் அங்கே வைத்துவிடும். நாளைக்கு அந்த வட்டைக் கழற்றினால் எஸ்எஸ்டி கிளம்பாது. இப்படி "வட்டு கெட்டுவிட்டது" என்று எடுத்துக்கொண்டு வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, எம்பிஆர் என்ன பாவம் செய்தது, அதில் போட்டால் ஓடாதா என்றால், ஓடும். கோவை நண்பர் சொன்னது பொய்யில்லை. ஆனால் உங்கள் மெஷினுக்கு ஜிபிடிதான் நல்லது என்று நினைக்கிறேன். காரணம் சொல்கிறேன்.

எம்பிஆர் 1983-இல் வந்தது. ஐபிஎம் பிசி எக்ஸ்டி என்ற மெஷினில் 10 எம்பி ஹார்டு டிஸ்க் வைத்தார்கள். அதற்காக பிசி டாஸ் 2.0-வோடு வந்த ஏற்பாடு அது. வட்டின் முதல் செக்டார், மொத்தமே 512 பைட். அதில் 446 பைட் கிளப்பும் நிரலுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் பட்டியலுக்கு, கடைசி 2 பைட் முத்திரை. ஒரு பார்ட்டிஷனின் விவரத்துக்கு 16 பைட். அதனால்தான் நான்குக்கு மேல் பிரைமரி பார்ட்டிஷன் போட முடியாது. செக்டார் எண்ணை 32 பிட்டில் எழுதுகிறார்கள், அதனால் 2 டிபிக்கு மேல் எண்ணத் தெரியாது. உங்கள் 4 டிபியை எம்பிஆர் ஆக்கினால் 2048 ஜிபி கிடைக்கும். மிச்சம் 1678 ஜிபி கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. கோவை நண்பரே, "மூன்றையும்" என்றீர்களே, அந்த ஒரு வார்த்தைதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆனால் என்னை வைத்து நீங்களும் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. 4 டிபி வட்டு இருப்பதால் எஸ்எஸ்டியும் ஜிபிடி ஆக வேண்டும் என்று இல்லை. ஒவ்வொரு வட்டுக்கும் அதனதன் ஸ்டைல். கிளம்பாத, சும்மா கோப்பு வைக்கும் வட்டு எந்த ஸ்டைலில் இருந்தாலும் இன்றைய விண்டோஸ் படிக்கும். உங்கள் ஆல்பம் வட்டு எம்பிஆரில்தான் இருக்கும், லிஸ்ட் டிஸ்க்கில் கடைசி ஜிபிடி கட்டத்தில் அதற்கு நேராக நட்சத்திரக் குறி இருந்திருக்காது. அது அப்படியே இருக்கட்டும். அதை மாற்றவே வேண்டாம்.

எஸ்எஸ்டிக்கு ஜிபிடி ஏன் என்றால், முதலாவது, 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு யூஇஎஃப்ஐ வேண்டும். இப்போதே ஜிபிடியில் போட்டுவிட்டால் விண்டோஸ் 11-க்கு மாறும்போது எதையும் பிரித்துப் போட வேண்டாம்.

இரண்டாவது எனக்கு இன்னும் முக்கியம். பார்ட்டிஷன் என்பது நம் ஊர் பாகப்பிரிவினைதான். எந்த எல்லையிலிருந்து எந்த எல்லைவரை யாருடையது என்று எழுதிய பத்திரம் ஒன்று வேண்டும். எம்பிஆரில் அந்தப் பத்திரம் ஒரே ஒரு பிரதி, வட்டின் முதல் பக்கத்தில். அது கிழிந்தால் நிலம் இருக்கும், எல்லை தெரியாது. ஜிபிடியில் வட்டின் தொடக்கத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று இரண்டு பிரதி. அதோடு எழுதியது எழுதியபடி இருக்கிறதா என்று பார்க்க சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணும் உண்டு. முன்னால் உள்ளது கெட்டால் பின்னால் இருப்பதை வைத்துச் சரிசெய்யலாம். 128 பார்ட்டிஷன்வரை வழக்கமாக இடம் இருக்கும், அதனால் பிரைமரி, எக்ஸ்டெண்டட், லாஜிக்கல் என்ற பழைய குழப்பமும் இல்லை. விண்டோஸின் பார்ட்டிஷன்களோடு உபுண்டுவையும் ஒரே எஸ்எஸ்டியில் வைப்பவருக்கு இது நிம்மதி.

இப்போது அந்த அளவு விஷயம். 2013-இல் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் போடப் போனேன். உள்ளே இரண்டு வட்டு, ஒரே கம்பெனி, இரண்டுமே 500 ஜிபி. பட்டியலில் இரண்டும் 465 ஜிபி என்று நின்றன. எனக்கு அவசரம், அடுத்த வீட்டில் ஒருவர் காத்திருந்தார். செலக்ட் டிஸ்க் 1, கிளீன், விண்டோஸும் ஏற்றியாயிற்று. ஐயா வந்து பார்த்துவிட்டு "தம்பி, அம்மா படமெல்லாம் எங்கே?" என்றார். அவர் மனைவி அதற்கு முந்தைய வருடம்தான் இறந்திருந்தார்.

கிளீன் மட்டும் செய்திருந்தால் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்புக் கருவியை வைத்து பார்ட்டிஷனையே திரும்பக் கொண்டுவந்திருக்கலாம், ஏனென்றால் கிளீன் பத்திரத்தைத்தான் கிழிக்கிறது, வயலை உழுவதில்லை. நான் மேலே விண்டோஸையும் எழுதிவிட்டேன். அழிந்த படங்களைத் தேடி எடுக்கும் ஃபோட்டோரெக் ஓட்டினேன். படங்கள் வந்தன, பெயர் எதுவும் வரவில்லை. எஃப் என்று ஒரு எழுத்து, பின்னால் நீளமாக எண். ஆயிரக்கணக்கில். மூன்று வாரம் கடை சாத்தியபின் தினமும் அவர் வீட்டுக்குப் போனேன். ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து "இது திருச்செந்தூர், இது பெரியவள் வளைகாப்பு" என்று ஒவ்வொன்றாகச் சொல்வார், நான் பெயர் மாற்றுவேன். பாதிப் படங்கள் மேல் பக்கம் மட்டும் தெரிந்து கீழே சாம்பல் நிறமாக இருந்தன. அவர் ஒரு நாள்கூட என்னைத் திட்டவில்லை. அன்றிலிருந்து எந்த மெஷினிலும் மற்ற வட்டின் கேபிளைக் கழற்றாமல் நான் சிஸ்டம் போட்டதில்லை.

அண்ணாச்சி, கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் அடுத்த பதில் போடுங்கள்.

---

கும்பகோணம்_ஸ்டூடியோ:

சார், இரண்டு வட்டையும் கழற்றியே வைத்துவிட்டேன். ஆல்பம் வட்டைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்து மனைவியிடம் சாவியைக் கொடுத்துவிட்டேன். ஐயாவின் கதையைப் படித்தபின் அதைத் தொடவே பயமாக இருக்கிறது.

எஃப்12 அழுத்திப் பார்த்தேன். பென்டிரைவ் ஒரே ஒரு முறைதான் வருகிறது, முன்னால் யூஇஎஃப்ஐ என்று எதுவும் இல்லை. எஸ்எஸ்டி மட்டும் "விண்டோஸ் பூட் மேனேஜர்" என்று தனியாக வருகிறது. பையனிடம் கேட்டேன், ரூஃபஸ் என்ற பென்டிரைவ் செய்யும் மென்பொருளில் செய்ததாகச் சொன்னான், எது எதைத் தேர்ந்தெடுத்தான் என்று நினைவில்லையாம்.

இன்னொன்று. வாடிக்கையாளர்களுக்குக் கல்யாண வீடியோவைப் பென்டிரைவில் கொடுக்கிறேன், அவர்கள் டிவியில் செருகிப் பார்ப்பார்கள். அதையும் ஜிபிடி ஆக்க வேண்டுமா?

---

நெல்லை_சர்வீஸ்:

பீரோவில் வைத்தது ரொம்பச் சரி.

பென்டிரைவ்தான் காரணம். ரூஃபஸில் பார்ட்டிஷன் ஸ்கீம் என்று ஒரு கட்டம் உண்டு. விண்டோஸ் ஐஎஸ்ஓ (நிறுவும் கோப்பு) கொடுத்து அங்கே எம்பிஆரை எடுத்தால், அதன் பக்கத்தில் டார்கெட் சிஸ்டம் "பயாஸ்" என்று மாறும். அப்படிச் செய்த பென்டிரைவ் லெகஸியில் மட்டும் கிளம்பும். ஜிபிடியை எடுத்தால் "யூஇஎஃப்ஐ, சிஎஸ்எம் இல்லாதது" என்று மாறும். பையனிடம் அப்படி எடுத்து மறுபடி செய்யச் சொல்லுங்கள். அல்லது மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூல் இறக்கிச் செய்யச் சொல்லுங்கள், அதில் செய்த பென்டிரைவ் இரண்டு விதமாகவும் கிளம்பும், மெனுவில் இரண்டு வரி தெரியும். அப்புறம் பயாஸ் செட்டிங்கில் போய் சிஎஸ்எம் அல்லது லெகஸி என்று இருப்பதை அணைத்துவிட்டால், தவறான வரியே மெனுவில் வராது. இதில் ஒரே எச்சரிக்கை, தனியாகப் பழைய கிராஃபிக்ஸ் கார்டு மாட்டியிருந்தால் சிஎஸ்எம்மை அணைத்ததும் திரை கறுப்பாக நின்றுவிடலாம். உங்களுடையது போர்டிலேயே இருக்கும் கிராஃபிக்ஸ் என்றால் கவலை இல்லை.

எஸ்எஸ்டி "விண்டோஸ் பூட் மேனேஜர்" என்று வருகிறதே, பழைய அலுவலகத்தில் யூஇஎஃப்ஐயில்தான் ஓட்டியிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

டிவிக்குக் கொடுக்கும் பென்டிரைவ் எம்பிஆரிலேயே இருக்கட்டும். பல டிவிகளுக்கு ஜிபிடி தெரியாது, செருகினால் "காலி" என்றோ "ஆதரிக்கவில்லை" என்றோ சொல்லும். கடையில் வாங்கும் பென்டிரைவ் வழக்கமாக எம்பிஆரில்தான் வரும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்.

---

மதுரை_லேப்:

சார், நான் மதுரையில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறேன். உபுண்டு பாகத்தை மட்டும் சொல்கிறேன், மற்றதை நெல்லை அண்ணா அழகாகச் சொல்லிவிட்டார்.

உங்கள் மகள் உபுண்டு பென்டிரைவையும் யூஇஎஃப்ஐ வரியில்தான் கிளப்ப வேண்டும். லினக்ஸ் இதில் விண்டோஸ் போலக் கண்டிப்பாக இருக்காது. லெகஸியில் கிளப்பினாலும் ஜிபிடி வட்டில் ஏறிக்கொள்ளும், அதற்கு பயாஸ் கிரப் என்று 1 எம்பி பார்ட்டிஷன் ஒன்று இருந்தால் போதும். மறுக்காது என்பதுதான் ஆபத்து. விண்டோஸ் யூஇஎஃப்ஐயிலும் உபுண்டு லெகஸியிலும் இருந்தால், எந்தச் சிஸ்டம் வேண்டும் என்று கேட்கும் உபுண்டுவின் கிரப் மெனுவிலிருந்து விண்டோஸைக் கிளப்ப முடியாது. எங்கள் பிள்ளைகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு "மிஸ், விண்டோஸ் போச்சு" என்று வருவார்கள். பார்த்தால் விண்டோஸ் பத்திரமாக இருக்கும், கிளம்பும் விதம்தான் கலந்திருக்கும்.

எந்த விதத்தில் கிளம்பியிருக்கிறோம் என்று தெரிய ஒரு வழி. உபுண்டு பென்டிரைவிலிருந்து கிளம்பியதும் டெர்மினலைத் திறந்து, சிஸ் கோப்புறைக்குள் ஃபர்ம்வேர் என்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குள் இஎஃப்ஐ என்று ஒரு கோப்புறை இருந்தால் யூஇஎஃப்ஐ, இல்லாவிட்டால் லெகஸி. விண்டோஸில் என்றால் ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 அடித்து பயாஸ் மோட் என்ற வரியைப் பார்க்கலாம்.

நிறுவும்போது அந்த 100 எம்பி சிஸ்டம் பார்ட்டிஷனை உபுண்டுவும் பகிர்ந்துகொள்ளும். தனியாக இன்னொன்று வேண்டாம். கையால் பிரிக்கும் திரைக்குப் போனால் அதற்கு நேராக "ஃபார்மட்" டிக் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். விழுந்தால் விண்டோஸ் கிளம்பும் கோப்பு போய்விடும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அணைத்திருக்கட்டும், இல்லையென்றால் உபுண்டுவிலிருந்து விண்டோஸ் வட்டில் எழுத முடியாமல் போகலாம்.

---

கோவை_கணினி:

நெல்லை நண்பரே, நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். இப்போது யோசித்துப் பார்த்தால் என்னுடையது கோர் 2 டுவோ, 2008-இல் வாங்கியது. செட்டிங்கில் யூஇஎஃப்ஐ என்ற வார்த்தையே கிடையாது. நண்பரின் எஸ்எஸ்டியை வாங்கி மாட்டியதால் அதில் ஜிபிடி இருந்திருக்கிறது. எனக்கு எம்பிஆர் தவிர வழியே இல்லை, அதனால் அது சரியாக இருந்தது. ஒரு சந்தேகம், என் தங்கை லேப்டாப்பில் விண்டோஸ் 10 எம்பிஆரில் ஓடுகிறது, மெஷின் யூஇஎஃப்ஐ தாங்கும். அழிக்காமல் மாற்ற முடியுமா?

---

நெல்லை_சர்வீஸ்:

உங்கள் மெஷினுக்கு நீங்கள் செய்தது சரிதான், அதில் நானும் எம்பிஆர்தான் போட்டிருப்பேன்.

தங்கை லேப்டாப்புக்கு வழி உண்டு. விண்டோஸ் 10-இல் 1703 பதிப்பிலிருந்து எம்பிஆர்2ஜிபிடி என்று ஒரு கருவி கூடவே வருகிறது. அட்மினாகக் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, முதலில் அதன் வேலிடேட் மட்டும் ஓட்டுங்கள், அது எதையும் மாற்றாது, மாற்ற முடியுமா என்று மட்டும் சொல்லும். பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருந்தாலோ, எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் இருந்தாலோ மறுத்துவிடும். சரி என்றால் கன்வர்ட். முடிந்த கையோடு பயாஸ் செட்டிங்கில் போய் லெகஸியிலிருந்து யூஇஎஃப்ஐக்கு மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் கிளம்பாது. அழிக்காத கருவிதான், ஆனாலும் தங்கையின் கோப்புகளை வெளியே ஒரு நகல் எடுக்காமல் கை வைக்காதீர்கள். நடுவில் சார்ஜ் தீர்ந்தால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

---

கும்பகோணம்_ஸ்டூடியோ:

நண்பர்களே, முடிந்தது.

பையன் ஜிபிடி எடுத்து மறுபடி பென்டிரைவ் செய்து கொடுத்தான். சிஎஸ்எம்மை அணைத்தேன். எஃப்12-இல் யூஇஎஃப்ஐ என்று முன்னால் போட்டு வந்தது. வட்டுப் பட்டியலில் ஒரே வட்டு, 238 ஜிபி, தவறாகத் தொட வேறு எதுவும் இல்லை. அப்படி ஒரே வட்டைப் பார்த்ததும் மனசு எவ்வளவு லேசானது என்று சொல்லத் தெரியவில்லை. பழைய பார்ட்டிஷன்களை டெலீட் செய்தேன். நியூ கொடுத்து 180000 போட்டேன். நீங்கள் சொன்ன 100-ம் 16-ம் தானாக வந்து உட்கார்ந்தன. நெக்ஸ்ட் தெளிவாகத் தெரிந்தது. கால் மணி நேரத்தில் விண்டோஸ் வந்துவிட்டது. எம்எஸ்இன்ஃபோ32-இல் பயாஸ் மோட் யூஇஎஃப்ஐ என்று இருக்கிறது.

அணைத்துவிட்டு 4 டிபியை மாட்டினேன். டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்ததும் எம்பிஆரா ஜிபிடியா என்று அதுவும் கேட்டது. ஜிபிடி கொடுத்தேன். முழு இடமும் ஒரே டிரைவாக வந்துவிட்டது.

கடைசியாகத்தான் பீரோவைத் திறந்தேன். ஆல்பம் வட்டை மாட்டி, கம்ப்யூட்டர் கிளம்பும்வரை மகளும் நானும் பக்கத்திலேயே நின்றோம். இ டிரைவ் என்று வந்தது. வருடவாரியாகப் போட்ட கோப்புறைகள் அப்படியே இருக்கின்றன. முதல் கோப்புறையைத் திறந்ததும் வந்தது சுவாமிமலையில் எடுத்த ஒரு கல்யாணம், அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள், போன வாரம்தான் கடைக்கு வந்திருந்தாள்.

எல்லாவற்றையும் 4 டிபிக்கு நகல் எடுக்கப் போட்டிருக்கிறேன். 640 ஜிபி. இப்போது பாதி ஆகியிருக்கிறது. அது முடிந்ததும் பழைய வட்டைக் கழற்றி மறுபடி பீரோவிலேயே வைத்துவிடுவேன். உபுண்டு ஞாயிற்றுக்கிழமை, மகள் மதுரை மேடம் எழுதியதைத் தாளில் குறித்து வைத்திருக்கிறாள்.

நெல்லை சார், அந்தத் தமிழாசிரியர் ஐயா நலமாக இருக்கிறாரா?

---

நெல்லை_சர்வீஸ்:

இருக்கிறார் அண்ணாச்சி. எண்பது தாண்டிவிட்டது. போன பொங்கலுக்குப் போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் ஸ்கிரீன்சேவராக அந்தப் படங்கள்தான் ஓடுகின்றன, பாதி சாம்பலாக இருப்பவையும் சேர்த்து.